கதிர்வீச்சு உடைப்பதும் செல் ஒட்டுவதும்: டிஎன்ஏ பழுதுபார்ப்பு ஆராய்ச்சியால் சிகிச்சை எப்படி மேம்படும்?

கேள்வி இது: "கதிர்வீச்சு புற்றுநோய் செல்லின் டிஎன்ஏவை உடைத்துத்தான் அதைக் கொல்கிறது என்கிறார்கள். செல் தன் டிஎன்ஏவைத் தானே சரிசெய்துகொள்ளும் என்றும் படித்தேன். அப்படியானால் அந்தச் சரிசெய்யும் வேலையை மருந்து கொடுத்து நிறுத்திவிட்டால் சிகிச்சை இன்னும் நன்றாகப் பலிக்காதா? ஏன் எல்லோருக்கும் அப்படிச் செய்வதில்லை?"

நிறுத்தினால் கட்டி இன்னும் எளிதாகச் சாகும், உண்மைதான். ஆனால் கட்டியைச் சுற்றியிருக்கும் நல்ல திசு ஒவ்வொரு நாளும் கதிரைத் தாங்கி எழுந்து வருவதும் அதே பழுதுபார்ப்பை நம்பித்தான். இரண்டு பக்கமும் சேர்த்து நிறுத்தினால் நோயாளிக்குக் கிடைப்பது அதிக அளவு கதிர்வீச்சு கொடுத்ததற்குச் சமம். அதற்கு மருந்தே தேவையில்லை, இயந்திரத்தில் அளவைக் கூட்டினாலே போதும். நல்ல செல் எப்படி ஒட்டுகிறது, புற்றுநோய் செல் எப்படி ஒட்டுகிறது, இரண்டுக்கும் எங்கே வித்தியாசம் என்பதைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் மட்டும் கைவைப்பதுதான் இந்த ஆராய்ச்சியின் உயிர். இந்தத் துறையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு நாள் சிகிச்சையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வழக்கமான முறையில் ஒரு தவணைக்கு 2 கிரே. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் அது ஒரு கிரே. 2 கிரேயால் திசுவின் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். ஒரு மடக்கு வெந்நீர் இதைவிடப் பல மடங்கு ஆற்றலை உடலுக்குள் கொண்டு போகிறது. இவ்வளவு கொஞ்ச ஆற்றல் செல்லைக் கொல்கிறது என்றால் காரணம் அது போய் விழும் இடம். கதிர் தட்டிவிட்ட எலக்ட்ரான்கள் சில நேராக டிஎன்ஏவில் மோதுகின்றன. பெரும்பாலானவை டிஎன்ஏவைச் சூழ்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகளை உடைக்கின்றன. அப்படி உண்டாகும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் சில நானோமீட்டர் தூரம் போவதற்குள் எதையாவது பிடித்துத் தாக்கிவிடும். எக்ஸ் கதிரால் வரும் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீர் வழியாக வருவதுதான்.

அந்த 2 கிரேயில் ஒவ்வொரு செல்லின் டிஎன்ஏவிலும் சுமார் 2000 இடத்தில் ஒரு இழை மட்டும் அறும். சுமார் 60 முதல் 80 இடத்தில் எதிரெதிரே உள்ள இரண்டு இழைகளும் சேர்ந்து அறும். முதல் வகை செல்லுக்குப் பெரிய விஷயமே இல்லை. எதிர் இழையைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடும். கதிர்வீச்சே படாத செல்லிலும் வெறும் வளர்சிதை மாற்றத்தால் நாளொன்றுக்குப் பல்லாயிரம் சிறு சேதங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைச் செல் எப்படிச் சரிசெய்கிறது என்று காட்டியதற்குத்தான் தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசீஸ் சஞ்சார் மூவருக்கும் 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லைக் கொல்வது இரண்டாவது வகை. அதில் ஒன்றிரண்டு ஒட்டப்படாமலோ தப்பாக ஒட்டப்பட்டோ நின்றுவிட்டால், அடுத்து செல் பிரியும்போது குரோமோசோம் சரியாகப் பங்கு பிரியாமல் செல் செத்துப்போகும்.

இரட்டை முறிவை ஒட்ட செல்லிடம் முக்கியமாக இரண்டு வழி உண்டு. முதலாவது, அறுந்த இரண்டு முனைகளையும் நேராகப் பிடித்து ஒட்டுவது. கேயு என்ற வளையப் புரதம் சில நொடிகளில் முனையில் போய் மாட்டிக்கொள்ளும். அது டிஎன்ஏ-பிகே என்ற நொதியைக் கூப்பிடும். பிசிறு இருந்தால் நறுக்கிவிட்டு லிகேஸ்-4 ஒட்டும். வேகமான வேலை, எந்த நேரத்திலும் நடக்கும், ஆனால் ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் தொலைந்துபோகலாம். இரண்டாவது வழி, அதே டிஎன்ஏவின் இன்னொரு பிரதியைப் பார்த்து அறுந்த பகுதியை அப்படியே திரும்ப எழுதுவது. பிஆர்சிஏ2, ராட்51 ஆகிய புரதங்கள் இதில் வேலை செய்கின்றன. துல்லியமானது, மெதுவானது, செல் பிரிவதற்காக டிஎன்ஏவைப் பிரதி எடுத்துவிட்ட பிறகுதான் இது முடியும், அதற்கு முன் பார்த்து எழுதப் பிரதியே இருக்காது.

இதை ஆய்வுக்கூடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு இந்தத் துறையில் பிடிப்பு வந்ததே அதைப் பார்த்த பிறகுதான். இரட்டை முறிவு நடந்த சில நிமிடங்களில் அதன் இரு பக்கமும் நீண்ட தூரத்துக்கு ஹெச்2ஏஎக்ஸ் என்ற புரதத்தில் செல் பாஸ்பேட் குறியிடுகிறது, 1998இல் கண்டுபிடித்தது. அந்தக் குறியோடு ஒட்டும் ஒளிரும் நிறத்தை ஏற்றி, இருட்டறையில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் நீல நிற உட்கருவுக்குள் பச்சைப் புள்ளிகள் மின்னும். 1 கிரே கொடுத்து அரை மணி நேரம் கழித்து எண்ணினால் ஒரு உட்கருவில் இருபது, முப்பது புள்ளி. ஆறு மணி நேரத்தில் பெரும்பாலானவை அணைந்திருக்கும். மறுநாள் எடுத்த தகட்டில் நல்ல செல்லில் ஒன்றோ இரண்டோதான் மிச்சம். பழுதுபார்க்கும் மரபணு கெட்டுப்போன செல்லை வைத்தால் அதே மறுநாளில் புள்ளிகள் கொத்தாக அப்படியே நிற்கும். எவ்வளவு உடைந்தது என்பதைவிட எவ்வளவு உடைந்தபடியே நின்றது என்பதுதான் செல்லின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்று அந்தத் தகடு பளிச்செனச் சொல்லிவிடும்.

இப்போது தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஏன் கொடுக்கிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் எல்லாம் விளங்கும். ஒரு தவணை 2 கிரே பட்டதும் புற்றுநோய் செல்களில் 50 சதவீதமும், சுற்றியுள்ள நல்ல செல்களில் 60 சதவீதமும் பிழைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. 30 தவணை முடிந்த பிறகு? இரு பக்கமும் 100 கோடி செல்லோடு தொடங்கினால் கட்டியில் மிஞ்சுவது ஒரே ஒரு செல். நல்ல திசுவில் மிஞ்சுவது 220. நடுவில் நல்ல செல்கள் பெருகுவதை இதில் சேர்க்கவே இல்லை. ஒரு நாளில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் 30 முறை தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது.

டிஎன்ஏ என்றால் என்னவென்றே தெரியாத காலத்திலேயே மருத்துவர்கள் இதை அனுபவத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். 1920களில் பாரிஸில் கிளாடியஸ் ரெகோ என்ற மருத்துவர் ஆட்டுக்கிடாக்களின் விரைகளுக்குக் கதிர் கொடுத்துப் பார்த்தார். ஒரே தடவையில் கொடுத்து மலடாக்கினால் மேல்தோல் கருகியது; அதையே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது மலடானது, தோல் தப்பித்தது. வேகமாகப் பிரிந்து பெருகும் விந்தணுச் செல்களைக் கட்டிக்கு ஒப்பாக வைத்து அவர் சிந்தித்தார். ஏன் அப்படி என்பதற்கு 1959இல்தான் தெளிவான பதில் வந்தது. எல்கைண்ட், சட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செல்களுக்குக் கொடுக்கும் அளவை இரண்டாகப் பிரித்து நடுவில் சில மணி நேரம் இடைவெளி விட்டார்கள். ஒரேயடியாகக் கொடுத்தபோது பிழைத்ததைவிட அதிக செல்கள் பிழைத்தன. இடைவெளியில் செல்கள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தன.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மருந்து விஷயத்தைப் பாருங்கள். பழுதுபார்ப்பைக் கொஞ்சம் தடுக்கும் மருந்து ஒன்று, புற்றுநோய் செல்லின் பிழைப்பை 50இலிருந்து 45 சதவீதமாக்கினால், 30 தவணை முடிவில் கட்டியில் மிஞ்சும் செல்கள் இருபது மடங்குக்கும் மேல் குறையும். அற்புதம். ஆனால் அதே மருந்து நல்ல செல்லின் பிழைப்பை அதே விகிதத்தில் 60இலிருந்து 54ஆக இறக்கினால், அங்கே 220 இருந்த இடத்தில் 9 தான் மிஞ்சும். உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு என் பதில் இந்த 9தான்.

இது வெறும் காகிதக் கணக்கில்லை. அட்டாக்சியா டெலஞ்சியெக்டேசியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ள குழந்தைகளுக்கு ஏடிஎம் என்ற மரபணு இரண்டு பிரதியிலும் கெட்டிருக்கும். இரட்டை முறிவு நடந்தது என்று செல் முழுவதற்கும் எச்சரிக்கை அடிக்கும் புரதம் அதிலிருந்துதான் வருகிறது. இந்தக் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம். நோயின் இந்த முகம் தெரியாத காலத்தில் அவர்களில் சிலருக்கு வழக்கமான அளவில் கதிர்வீச்சு கொடுத்துவிட்டார்கள். திசுக்கள் தாங்க முடியாமல் அழுகிப்போயின. பழுதுபார்ப்பு ஒழுங்காக நடக்காத உடலில் சாதாரண 2 கிரே என்ன செய்யும் என்பதை அந்தக் குழந்தைகள் பட்ட பாடுதான் மருத்துவத்துக்குக் கற்றுக்கொடுத்தது. 1995இல் அந்த மரபணு அடையாளம் காணப்பட்டது.

பழுதுபார்ப்பைக் குறிவைத்துப் பயன் கிடைத்த இடமும் உண்டு. கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு மாத்திரை சேர்த்துக் கொடுப்பது 2005இலிருந்து வழக்கம். அந்த மாத்திரை டிஎன்ஏவில் வைக்கும் முக்கியமான சேதத்தை எம்ஜிஎம்டி என்ற ஒரே ஒரு புரதம் நீக்கிவிடும். சிலரின் கட்டியில் அந்த மரபணு அணைந்து கிடக்கும், புரதமே உருவாகாது. அப்படிப்பட்டவர்களில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.3 மாதம், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 21.7 மாதம். மரபணு வேலை செய்யும் கட்டிகளில் வித்தியாசம் ஒரு மாதம்கூட இல்லை. ஆறு மாதம் பெரிதா என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். அந்த வீட்டுக்குள் இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். எந்தப் பழுதுபார்க்கும் கருவி கட்டியில் இல்லை என்று தெரிந்து, அந்த ஓட்டையில் சரியாகக் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இப்போது ஆய்வில் இருக்கும் மருந்துகளில் முதலில் டிஎன்ஏ-பிகேயைத் தடுப்பவை. ஆய்வுக்கூடத்தில் இவற்றின் பலம் அசரவைக்கும். ஆனால் நேராக ஒட்டும் வழி எல்லாச் செல்லுக்கும் பொதுச் சொத்து. அதனால் முதற்கட்ட மனிதச் சோதனைகளில் கதிர் பட்ட வாயின் சளிச்சவ்வில் புண் கடுமையாக வந்தது. கதிரை மில்லிமீட்டர் துல்லியத்தில் கட்டிக்குள் மட்டும் அடைக்கக்கூடிய இடங்களில்தான் இவற்றுக்கு எதிர்காலம் என்பது என் கணிப்பு.

பிஏஆர்பி தடுப்பான்கள் வேறு மாதிரி. 2014இல் இந்த வகையைச் சேர்ந்த ஒலாபாரிப், பிஆர்சிஏ மரபணு கெட்டு இரண்டாவது வழியில் ஒட்ட முடியாமல் போன சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. பிஏஆர்பி என்ற புரதம் சரிசெய்ய உதவுவது ஒற்றை முறிவுகளை. அதைத் தடுத்தால் ஒற்றை முறிவு அப்படியே நிற்கும்; செல் டிஎன்ஏவைப் பிரதி எடுக்கப் போகும்போது அந்த இடத்தில் இடறி இரட்டை முறிவாக மாறும். அதாவது பிரியாத செல்லுக்கு இதனால் அதிகத் தொல்லை இல்லை. மூளையை யோசித்துப் பாருங்கள்: சுற்றியிருக்கும் நரம்பு செல்கள் பிரிவதில்லை, நடுவில் கட்டி மட்டும் பிரிந்துகொண்டே இருக்கிறது. மூளைக்கட்டியில் கதிர்வீச்சோடு இதைச் சேர்த்துச் சோதிப்பதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் அதுதான். வாயும் தொண்டையும் அப்படியில்லை, அங்கே நல்ல செல்லும் வேகமாகப் பிரிகிறது.

இன்னொரு வழி, செல்லின் நிறுத்தங்களைக் குலைப்பது. டிஎன்ஏ உடைந்தால் நல்ல செல் பிரிவதற்கு முன் இரண்டு இடத்தில் நின்று சரிபார்க்கும். பி53 என்ற காவல் புரதம் கெட்டுப்போன புற்றுநோய் செல்களுக்கு முதல் நிறுத்தம் கிடையாது, கடைசி நிறுத்தம் ஒன்றையே நம்பியிருக்கும். அதைக் காக்கும் வீ1, சிஹெச்கே1, ஏடிஆர் ஆகிய புரதங்களைத் தடுத்தால் உடைந்த டிஎன்ஏவோடு செல் பிரிவுக்குள் ஓடிச் சிதறும். நல்ல செல்லுக்கு முதல் நிறுத்தம் கைகொடுக்கும். கேட்க அழகாக இருக்கிறது, கணையப் புற்றுநோயில் ஊக்கம் தரும் தொடக்க முடிவுகளும் வந்தன. ஆனால் உடல் முழுக்கப் போகும் மருந்து என்பதால் எலும்பு மஜ்ஜை அடி வாங்குகிறது.

நான் ஆவலோடு கவனிப்பது பாலிமரேஸ் தீட்டாவை. இது மூன்றாவது, அவசரத்துக்கான ஒட்டும் வழி, பிழைகள் மலிந்தது. நல்ல திசுக்களில் இந்தப் புரதம் மிகக் குறைவு, பல புற்றுநோய்களில் நிறைய. ஆய்வுக்கூடத்தில் இதை நிறுத்தினால் புற்றுநோய் செல்கள் கதிருக்கு இளகுகின்றன, நல்ல செல்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. மேலே சொன்ன கணக்கில் 50 மட்டும் இறங்க வேண்டும், 60 அசையக்கூடாது. அந்த நிபந்தனைக்கு இதுவரை கிட்டத்தில் வந்திருப்பவற்றில் இதுவும் ஒன்று. மனிதச் சோதனைகள் தொடக்கத்தில்தான் இருக்கின்றன.

மருந்தே இல்லாமல், பழுதுபார்ப்பைப் புரிந்துகொண்டதாலேயே சிகிச்சை மாறிய இடம் தவணைகள். எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. மார்பகம், புராஸ்டேட் கட்டிகள் தவணையின் அளவுக்கு நல்ல திசுவைப் போலவே எதிர்வினை காட்டுகின்றன. எனவே சிறு தவணைகளாக நீட்டுவதில் பெரிய ஆதாயம் இல்லை. மார்பகப் புற்றுநோயில் மூன்று வாரத்தில் 15 தவணையாக 40 கிரே கொடுப்பதையும், ஒரே வாரத்தில் 5 தவணையாக 26 கிரே கொடுப்பதையும் பிரிட்டனில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒப்பிட்டார்கள். 2020இல் வெளியான ஐந்தாண்டு முடிவில் குறுகிய சிகிச்சை பின்தங்கவில்லை. தினமும் மருத்துவமனைக்கு அலைபவர்களுக்குப் பத்து நாள் மிச்சம் என்பது சின்ன விஷயமில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஹெச்பிவி வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய் கதிருக்கு நன்றாக இளகும். அந்த செல்களின் பழுதுபார்ப்பு மந்தமாக இருப்பது அதற்கு ஒரு காரணம். அப்படியானால் 70 கிரேயை 60 ஆகக் குறைக்கலாமே என்று பெரிய சோதனை நடத்தினார்கள். 70 பெற்றவர்களின் நிலைதான் மேலாக இருந்தது. ஆய்வுக்கூடத் தகட்டில் தெரியும் பலவீனத்தை வைத்து மட்டும் சிகிச்சையைக் குறைக்கக்கூடாது.

செல்லுக்கு ஒட்டவே முடியாதபடி உடைப்பது இன்னொரு பாதை. கார்பன் அயனி போன்ற கனமான துகள் டிஎன்ஏவைக் கடக்கும்போது, இரண்டொரு சுருள் நீளத்துக்குள் பல முறிவுகளை நெருக்கமாகப் போட்டுவிடும். ஒரு முனையை ஒட்டுவதற்குள் பக்கத்து முனை கழன்றுவிடும். ஜப்பானின் சிபாவில் 1994இலிருந்து இதை வைத்துச் சிகிச்சை நடக்கிறது. மாபெரும் இயந்திரம் வேண்டும் என்பதால் உலகில் சில இடங்களில்தான் இருக்கிறது.

ஒட்டப்படாத டிஎன்ஏ துண்டுகளுக்கு இன்னொரு வேலையும் இருப்பது கடந்த பத்து வருடத்தில் தெரியவந்தது. செல் பிரியும்போது உட்கருவுக்கு வெளியே தங்கிப்போகும் துண்டுகளை, வைரஸ் நுழைந்துவிட்டதாக எண்ணி சிகாஸ் என்ற புரதம் பிடித்துக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை எழுப்புகிறது. ஒரே தவணையில் மிக அதிக அளவு கொடுத்தால் ட்ரெக்ஸ்1 என்ற நொதி கிளம்பி அந்தத் துண்டுகளைத் தின்று தீர்த்துவிடும் என்று 2017இல் காட்டினார்கள். எனவே எதிர்ப்புச் சக்தி மருந்தோடு சேர்க்கும்போது எவ்வளவு, எத்தனை நாள் இடைவெளி என்பதும் அந்த மருந்தைப் போலவே முக்கியம். நுரையீரல் புற்றுநோயில் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு டுர்வாலுமாப் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்து கொடுத்தது பலன் தந்தது. தலை, கழுத்துப் புற்றுநோயில் அதே வகை மருந்தான அவெலுமாபைக் கதிர்வீச்சோடு சேர்த்தே கொடுத்தது பலன் தரவில்லை.

இன்று சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இதெல்லாம் என்ன பயன்? மூன்று விஷயம் சொல்வேன். குடும்பத்தில் பிஆர்சிஏ போன்ற மரபணுக் கோளாறோ, யாருக்காவது கதிர்வீச்சு வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாக எரித்த கதையோ இருந்தால் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை நாட்களில் வைட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை உடம்புக்கு நல்லது என்று தாமாக விழுங்க வேண்டாம். தலை, கழுத்துப் புற்றுநோயில் கதிர்வீச்சோடு அதிக அளவில் கொடுத்துப் பார்த்த சோதனையில் நோய் திரும்புவது கூடியது. சாப்பாட்டில் இருக்கும் காய், பழம் பற்றி இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை.

மூன்றாவது, தவணை தவறக்கூடாது. சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளும் கட்டி பெருக நேரம் கொடுக்கிறோம். தலை, கழுத்துப் புற்றுநோயில் ஒரு நாள் தாமதம் கட்டி கட்டுப்படும் வாய்ப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதத்தைத் தின்றுவிடும். காய்ச்சலோ வேறு தடையோ வந்து போக முடியாமல் போனால் அன்றே சிகிச்சைக் குழுவிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் வேறொரு நாளில் காலையும் மாலையும் இரண்டு தவணையாகக் கொடுத்து ஈடுகட்டுவார்கள். காலைத் தவணை முடிந்து குறைந்தது ஆறு மணி நேரம் உங்களைக் காத்திருக்கச் சொல்வார்கள். இயந்திரம் காலியாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். அந்த ஆறு மணி நேரத்தில்தான் உங்கள் நல்ல செல்கள் காலையில் உடைந்ததை ஒட்டிக்கொண்டிருக்கின்றன.